கணினி எழுத்தறிவும் ஆய்ந்து தெளிதலும்: கல்லூரிப் பாடத்திட்டம் பற்றிய ஒரு மதிப்பீடு

கணினி எழுத்தறிவு என்னும் கருத்துக்குரிய ஆங்கிலத் தொடரை 1972இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவராக ஆர்தர் லூர்மன் குறிக்கப்படுகிறார். அவர் பணியாற்றிய டார்ட்மவுத் கல்லூரியில்தான் 1964இல் கெமெனி, குர்ட்ஸ் ஆகிய இருவரும் அறிவியல் பயிலாத மாணவரும் கையாளத்தக்க பேசிக் என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். லூர்மன் தம் கருத்தை ஓர் உவமைக் கதை வாயிலாக விளக்கினார். ஒரு நாட்டில் எழுதுதலும் படித்தலும் புதிதாகக் கண்டறியப்படுகின்றன. அந்நாட்டுக் கல்வியாளர் அப்புதுமையைப் பாடத்தை மாணவரிடம் கொண்டுசேர்க்கும் கருவியாக மட்டுமே காண்கின்றனர். மாணவர் தாமே எழுதலாம், எழுதுவதன் வாயிலாகச் சிந்திக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கணினியைப் பொறுத்தவரை அன்றைய கல்வியுலகம் அந்நாட்டாரின் நிலையிலேயே இருந்தது என்பது லூர்மனின் குற்றச்சாட்டு. எழுத்தறிவு என்னும் சொல்லை அவர் அணியாகக் கையாளவில்லை. படிக்கவும் எழுதவும் கூடியவனே எழுத்தறிவுடையவன் என்னும் நேர்பொருளிலேயே கையாண்டார்.

இந்தியாவில் இச்சொல் வந்து சேர்ந்த வழி வேறு. 1984-85இல் நடுவண் அரசின் மின்னணுத் துறையும் கல்வித் துறையும் இணைந்து, பள்ளிகளில் கணினி எழுத்தறிவை வளர்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கிளாஸ் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்ட அத்திட்டத்தின் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கணினி எழுத்தறிவை விரிந்த அளவில் பரப்ப வேண்டும் என்றது; ஆயின் அதனைத் தொழில்நுட்பக் கல்வி, மேலாண்மைக் கல்வி பற்றிய பகுதியில் வைத்துப் பேசிற்று. 2020ஆம் ஆண்டின் கொள்கையோ நிரலாக்கத்தை நடுநிலை வகுப்பிலேயே தொடங்குமாறு பரிந்துரைத்து, ஆய்ந்து சிந்திக்கும் திறனைப் பலவிடங்களில் வற்புறுத்துகிறது. இவ்விரு ஆவணங்களுக்கும் இடைப்பட்ட 34 ஆண்டுகளில் கணினி எழுத்தறிவும் சிந்தனைத் திறனும் அருகருகே வைத்து எண்ணப்படும் நிலை உருவாகியுள்ளது. அருகருகே வைக்கப்பட்டனவேயன்றி அவை இணைக்கப்படவில்லை. இக்குறை மொழியியல், மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் பயிலும் மாணவரை எவ்வாறு தாக்குகிறது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

சொற்கள் காட்டும் திசை

முதற்கண் சொற்களை நோக்குதல் வேண்டும். தமிழில் கணினி அறிவு, கணினிக் கல்வி, கணினிப் பயிற்சி, கணினி எழுத்தறிவு என நான்கு தொடர்கள் வழங்குகின்றன. இவற்றுள் மிகுதியாக வழங்குவது கணினி அறிவு. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் 'கணினி அறிவு விரும்பத்தக்கது' என்னும் தொடர் நிலைபெற்றுவிட்டது. அங்கு அதன் பொருள் தட்டச்சும் அட்டவணைச் செயலியும் தெரிந்திருத்தல் என்பதே. அறிவு என்னும் சொல் நுழைந்தவுடன் படித்தல், எழுதுதல் என்னும் இரு செயல்களும் மறைந்து, கணினியைப் பற்றிய செய்திகளை அறிந்திருத்தல் என்னும் பொருள் மேலோங்குகிறது. பாடநூல்கள் இப்பொருளையே பின்பற்றியுள்ளன.

ஆய்ந்து சிந்தித்தலைக் குறிக்கும் சொற்களின் நிலை இன்னும் சிக்கலானது. விமர்சனச் சிந்தனை என்னும் தொடர் கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளின் வழக்கோடு ஒத்துச் செல்வது. வடமொழியில் ஆராய்தல் என்னும் பொருளுடைய இச்சொல் இன்றைய தமிழ் வழக்கில் குறைகூறுதலையும் திரைப்பட மதிப்புரையையுமே நினைவூட்டுகிறது. 'அவரை விமர்சித்தார்கள்' என்றால் பாராட்டினார்கள் என்று எவரும் கொள்ளார். இந்தியில் ஆலோசனா என்பது திறனாய்வைக் குறிக்க, தமிழில் ஆலோசனை என்பது அறிவுரையாகவும் கலந்தாய்வாகவும் நிற்கிறது. ஆகவே இந்தித் தொடரை ஒலிபெயர்த்துக் கொள்ளவும் வழியில்லை. திறனாய்வுச் சிந்தனை என்பதோ வேறொரு வகையில் இடர் தருகிறது. இலக்கியத் துறைக்கு வெளியே திறனாய்வு என்றவுடன் மாணவரின் நினைவுக்கு வருவது ஊரகத் திறனாய்வுத் தேர்வே. அங்கு ஆய்வுக்கு உட்படுவது மாணவரின் திறன். மாணவர் எதனையும் ஆய்வதில்லை. ஒரே சொல்லில் ஆய்பவரும் ஆயப்படுபவரும் இடம் மாறிவிடுகின்றனர்.

இவ்விடர்ப்பாட்டிற்கு அடிப்படை, பெயரடையும் பெயருமாக அமைந்த மூலத்தொடரை அதே அமைப்பில் தமிழாக்க முயல்வதாகும். தமிழ் இத்தகைய அறிவுச் செயல்களைப் பெரும்பாலும் வினையெச்சமும் தொழிற்பெயருமாக அடுக்கிக் கூறும். தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் எனத் திருக்குறளின் அதிகாரப் பெயர்களே இவ்வமைப்புக்குச் சான்று. ஆய்ந்து தெளிதல் என்று கூறும்போது முதலில் ஒரு செயல், அதன் விளைவாக மற்றொரு செயல் என்னும் வரிசை சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. குறைகூறுதல் என்னும் நிழற்பொருளும் நீங்குகிறது. இக்கட்டுரை அத்தொடரையே கையாள்கிறது.

பெயர் புதிதாயினும் பயிற்சி புதிதன்று. ஒரு கருத்தை நிறுவுமுன் அதற்கு எழக்கூடிய தடையைத் தாமே எழுப்பி விடை கூறுவது உரையாசிரியர்களின் வழக்கம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரை உரையாசிரியர் என்று மதிப்புடன் சுட்டியே பலவிடங்களில் மறுக்கிறார். நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் கருத்துக்கு உடன்படுதலும் உண்டு, மறுத்தலும் உண்டு, முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும் உண்டு. மறுத்தல் ஒன்றையே ஆய்வாகக் கருதும் இன்றைய வழக்கைக் காட்டிலும் இப்பகுப்பு நுட்பமானது.

பாடத்திட்டங்களின் இன்றைய நிலை

தமிழ் முதுகலை வகுப்புகளில் கணினித் தமிழ், இணையத் தமிழ் முதலிய பெயர்களில் ஒரு தாள் இன்று பரவலாக இடம்பெற்றுள்ளது. இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் இத்தாள்களின் பொதுப் போக்கு ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது. மணிச்சட்டத்தில் தொடங்கிப் பாபேஜ் வழியாகக் கணினியின் ஐந்து தலைமுறைகளுக்கு வருதல், உள்ளீட்டுக் கருவிகளையும் வெளியீட்டுக் கருவிகளையும் வகைப்படுத்தல், சொற்செயலியின் கட்டளைகள், தமிழ் எழுத்துருக்களின் பெயர்ப்பட்டியல், தமிழ் இணையதளங்களின் பெயர்ப்பட்டியல் என அது செல்லும். தேர்வில் இவை விரித்துரைக்கும் வினாக்களாகக் கேட்கப்படும். பட்டியலில் உள்ள தளங்களுட் சில மாணவர் தேர்வெழுதும் காலத்தில் இயங்குவதே இல்லை. பட்டியல் மட்டும் மறுபதிப்பில் நிலைத்திருக்கும்.

இவற்றைக் கற்பிப்பது பிழையன்று. பிழை என்னவெனில், இவற்றுள் எதுவும் மாணவரின் ஏனைய தாள்களைத் தொடுவதில்லை என்பதே. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தை ஒரு வகுப்பில் பயிலும் மாணவர், அடுத்த வகுப்பில் கணினி எழுத்துருக்களைப் பயில்கிறார். எழுத்து என்றால் என்ன என்னும் வினா முதல் வகுப்பில் ஓராண்டு ஆராயப்படுகிறது. இரண்டாம் வகுப்பில் அவ்வினா எழுவதே இல்லை. கணினி எழுத்தறிவு என்னும் தொடரைச் சொற்பொருளிலேயே கொண்டு, கணினிக்குள் எழுத்து எவ்வாறு உள்ளது என்னும் அறிவாக அதனைக் கற்பித்தால் என்ன நிகழும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காணலாம்.

எழுத்து என்னும் வினா

கொற்றவை என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? யாப்பு அறிந்த மாணவர் நான்கு என்பார். ஒருங்குறியில் இச்சொல் ஏழு குறியீடுகளாகச் சேமிக்கப்படும்: ககரம், ஒகரக் குறி, றகரம், புள்ளி, றகரம், வகரம், ஐகாரக் குறி. ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து உள்ளிட்டால் எட்டாகும். இவ்விரு வடிவங்களும் இணையானவை என்று ஒருங்குறித் தரம் வரையறுத்துள்ளது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆயினும் அவ்விணையை அறியாத ஒரு தேடுநிரலுக்கு அவை இரு வேறு சொற்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் அதே சொல் 21 பைட்டுகளாகவோ 24 பைட்டுகளாகவோ அமையும். நான்கு, ஏழு, எட்டு, இருபத்தொன்று, இருபத்துநான்கு ஆகிய ஐந்து விடைகளும் சரியானவை. எவ்விடை எவ்வினாவுக்கு உரியது என்று வேறுபடுத்த அறிதலே இங்கு ஆய்ந்து தெளிதல். (கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்திற்கு 160 இடங்களும் தமிழுக்கு 70 இடங்களும் அமைந்த காரணத்தை மாணவர் இவ்வழியில் தாமே கண்டறிவர்.)

அகரவரிசைப்படுத்தல் இதனினும் பயன்மிக்க பயிற்சி. அக்கம், அகம், அயல், அரசு, அலை, அவன், அழகு, அளவு, அறம், அனல் என்பது அகராதி மரபு காட்டும் முறைவைப்பு. இப்பத்துச் சொற்களைக் குறியீட்டெண்களின் ஏறுவரிசையில் மட்டும் அடுக்கும் எளிய நிரலிடம் கொடுத்தால் அகம், அக்கம், அனல், அயல், அரசு, அறம், அலை, அளவு, அழகு, அவன் என்று அடுக்கித் தரும். மாணவரின் முதல் எதிர்வினை கணினிக்குத் தமிழ் தெரியாது என்பதாகவே இருக்கும். அவ்வளவில் நின்றுவிட்டால் ஆய்வு இல்லை. இவ்வரிசை தற்செயலானதன்று. இந்திய எழுத்துமுறைகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் பொருத்த 1988இலும் 1991இலும் வகுக்கப்பட்ட இஸ்கி தரம், னகரத்தை நகரத்தின் அருகிலும் றகரத்தை ரகரத்தின் அருகிலும் ளகர ழகரங்களை லகரத்தின் அருகிலும் வைத்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவைத் தழுவியது. தமிழ் நெடுங்கணக்கு ஒரு மொழியின் ஒலியமைப்பைப் பற்றிய முடிவு. இஸ்கி பல மொழிகளை ஒப்பிட்டுக் காணும் வசதியைப் பற்றிய முடிவு. இரண்டும் மனிதர் எடுத்த முடிவுகளே. மேலும், சேமிக்கும் வரிசையும் அடுக்கும் வரிசையும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. அடுக்கும் வரிசைக்குத் தனி நெறிமுறைகள் உள்ளன, தமிழுக்கும் உள்ளன. இவ்வளவும் அறிந்த மாணவரே, 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு தேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றதன் பின்னணியில் நிகழ்ந்த விவாதத்தை இருபுறமும் நின்று மதிப்பிட இயலும்.

பிழையுரு பற்றிய பயிற்சியும் வேண்டும். ஔவை என்னும் பெயர் மின்பனுவல்களில் பெரும்பாலும் 'ஒளவை' என்றே உள்ளிடப்பட்டுள்ளது. ஔகாரத்திற்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. கண் அதனை ஔவை என்றே படிக்கும். நிரல் ஒளவை என்று படிக்கும். 'அவர்' என்பது 'அவா்' என்று கால்குறியும் புள்ளியுமாகச் சேமிக்கப்பட்டிருப்பதும் இவ்வகையினதே. அச்சு மரபில் புள்ளிபெற்ற ரகரம் அடிக்கோடின்றிக் கால் போலவே வார்க்கப்பட்டது. பழைய எழுத்துருக்கள் அம்மரபைப் பின்பற்றின. அவற்றிலிருந்து மாற்றப்பட்ட பனுவல்களில் கால் காலாகவே தங்கிவிட்டது. ஏட்டுச்சுவடியில் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடின்மையால் நேர்ந்த பாடவேறுபாடுகளைப் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்டது நினைவுக்கு வரும். சுவடியியல் பயிலும் மாணவருக்கு இது புதிய செய்தியன்று, பழைய இடரின் புதிய பிறப்பு. ஆயினும் சுவடியியல் தாளும் கணினித் தாளும் ஒன்றையொன்று அறியாமலே நடைபெறுகின்றன.

தேடலும் சான்றும்

மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கப்பட்ட பின்னர்ப் பழந்தமிழ் நூல்கள் மின்பனுவல்களாக எளிதில் கிடைக்கின்றன. இந்திய மொழிகளின் தரவகங்களும் 1990களின் தொடக்கத்திலிருந்து அரசு ஆதரவில் உருவாக்கப்பட்டு வந்துள்ளன. இவற்றின் பயனை மிகைப்படுத்தல் அரிது. எனினும் ஆய்வேடுகளில் ஒரு புதிய வகைச் சான்று இவற்றின் வழியே நுழைந்துள்ளது: இச்சொல் இந்நூலில் இத்தனை இடங்களில் வருகிறது, அல்லது வரவில்லை என்னும் எண்ணிக்கைச் சான்று. இதனைத் தேடுபெட்டி தந்த எண்ணாகவே எடுத்தாள்வது இடர் தரும்.

சங்க இலக்கியத்தில் யானை என்னும் தலைப்பைக் கொள்வோம். களிறு என்று தேடும் மாணவருக்கு அவ்வடிவம் உள்ள இடங்கள் மட்டுமே கிட்டும். அச்சொல் வேற்றுமை ஏற்கும்போதும் தொகையாகும்போதும் களிற்று எனத் திரிவதால் அவ்விடங்கள் அனைத்தும் விடுபடும். குறைவாக எண்ணுதல் இது. பிடி என்று தேடினால் பெண்யானையோடு கைப்பிடியும் பிடித்தலும் சேர்ந்து வரும். மிகையாக எண்ணுதல் இது. வேழம் என்று தேடினால் ஐங்குறுநூற்றின் வேழப்பத்து முழுவதும் வந்து நிற்கும். அங்கு வேழம் என்பது கொறுக்கைப் புல்லேயன்றி யானையன்று. ஒரே தலைப்பில் ஒரு சொல் குறையவும் ஒரு சொல் மிகவும் ஒரு சொல் வேறாகவும் நிற்கக் காண்கிறோம். இவற்றைக் கூட்டிப் பெறும் தொகையில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, தற்செயலாகச் சரியான எண்ணுக்கு அருகில் வந்துவிடவும் கூடும். அந்நிலையே மிகவும் அஞ்சத்தக்கது.

இவ்விடரைத் தீர்க்கும் அறிவு மாணவரிடம் முன்பே உள்ளது. திரிபு விதிகளை அவர் நன்னூலில் பயின்றுள்ளார். பலபொருள் ஒருசொல்லை அறிவார். தேடலுக்கு முன் அச்சொல் எவ்வெவ் வடிவங்களில் வரக்கூடும் என்று எழுதிவைத்தல், தேடலுக்குப் பின் கிட்டியவற்றுள் ஐம்பதையேனும் அச்சுப்பதிப்போடு ஒப்பிட்டுப் படித்தல் என்னும் இரண்டு பழக்கங்கள் போதும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் சேர்த்த அரும்பத அகராதிகளோடு ஒரு தேடல் முடிவை ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி, கருவி காட்டியதையும் புலமை கண்டதையும் ஒருங்கே விளக்கும்.

மொழிபெயர்ப்புப் பொறியும் வாசகரும்

இந்திய மொழியியலாளர் இப்பொருளில் எடுத்த ஒரு முயற்சி போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ராஜீவ் சங்கல், வினீத் சைதன்யா ஆகியோர் முன்னின்று தொடங்கிப் பின்னர் ஐதராபாத்தில் தொடர்ந்த அனுசாரகா என்னும் அமைப்பு, தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளிலிருந்து இந்திக்குப் பனுவலைக் கொண்டுசெல்ல 1990களில் உருவாக்கப்பட்டது. அது செம்மையான மொழிபெயர்ப்பைத் தருவதாகக் கூறவில்லை. மொழியமைப்பு சார்ந்த சுமையைப் பொறி ஏற்கும். உலகறிவு சார்ந்த முடிவுகளை வாசகர் ஏற்பார் என்பது அதன் கொள்கை. வெளியீடு கரடுமுரடாக இருந்தது; அதனைப் படிக்க வாசகருக்குச் சிறிது பயிற்சி வேண்டியிருந்தது. அம்முரடே வாசகருக்கு எச்சரிக்கையாகவும் பயன்பட்டது.

2016இல் கூகுள் நிறுவனம் நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறத் தொடங்கி, 2017இல் தமிழுள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அம்முறையை விரிவாக்கிய பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. வெளியீடு ஒழுங்காகவும் இயல்பாகவும் வருகிறது. ஒழுக்கு மிகுந்தபோது ஐயம் குறைகிறது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, பனுவலை மாற்றித் தருவது மட்டுமன்றி ஆக்கித் தருவதும் பொறியின் பணியாகியுள்ளது. இல்லாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் கற்பித்துத் தருவது இத்தகைய பொறிகளிடம் பரவலாக அறியப்பட்ட குறை. 1966இல் ஜோசப் வைசன்பாம் எலிசா என்னும் சிறு நிரலை எழுதியபோதே, பயனரின் சொற்களைத் திருப்பிப்போட்டு வினாவாக்கிய அந்நிரலுக்குப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருப்பதாக மக்கள் கருதத் தலைப்பட்டனர். அது கண்டு அதிர்ந்த அவர் 1976இல் கணினியின் ஆற்றலையும் மனித அறிவையும் வேறுபடுத்திக் காட்டும் நூலொன்றை எழுதினார். அந்நூல் மொழிபெயர்ப்புத் துறை மாணவருக்குப் பாடமாதல் தகும்.

எனினும் பொதுவான எச்சரிக்கைகளைக் காட்டிலும் மொழிவழிப் பயிற்சியே பயன் தரும். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் நாம் என்பதும் உளப்படுத்தாத நாங்கள் என்பதும் வேறு. ஒரு நாட்டின் அரசமைப்பு முகப்புரையில் நாம் என்பதே பொருந்தும். ஊழியர் சங்கம் நிர்வாகத்துக்கு விடுக்கும் கோரிக்கையில் நாங்கள் என்பதே பொருந்தும். மூலத்தொடரைத் தனித்து நோக்கி இதனை முடிவு செய்ய இயலாது. பொறி ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும். தேர்ந்ததாக அது சொல்வதில்லை. எதிர்த்திசையில், 'ஆசிரியர் வந்தார். அவர் பையைத் திறந்தார்' என்னும் தொடரில் ஆசிரியர் ஆணா பெண்ணா என்னும் செய்தி இல்லை. பை அவருடையதா பிறருடையதா என்பதும் இல்லை. வழக்கமான ஆங்கிலத்தில் இரண்டும் தேவை. மொழிபெயர்ப்பில் இவை காணப்பட்டால், இச்செய்தி எங்கிருந்து வந்தது என்று வினவுவதே முதற்பாடம். மூலத்திலிருந்து வரவில்லை என்பது உறுதி.

பொறிமொழிபெயர்ப்பை மதிப்பிடும் முறைகளும் ஆய்வுக்குரியன. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கும் மாற்றிப் பார்த்து, தொடக்கத் தொடர் திரும்பக் கிட்டினால் மொழிபெயர்ப்பு சரி என்று மாணவர் பலர் கருதுகின்றனர். செல்லும்போது நேர்ந்த பிழை திரும்பும்போது நேர்ந்த பிழையால் மறைந்துவிடலாம். நாம் என்று தவறாக வந்த தமிழ்த்தொடரும் ஆங்கிலத்திற்குத் திரும்புகையில் அதே ஒற்றைச் சொல்லாகவே திரும்பும்; பிழை தடமின்றி அழிந்துவிடும். 2002இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் முன்மொழிந்த புளூ என்னும் அளவை, பொறியின் வெளியீட்டை மாதிரி மொழிபெயர்ப்போடு சொல்லும் சொற்றொடருமாக ஒப்பிடுவது. மாதிரியில் 'வந்துகொண்டிருந்தான்' என்றும் வெளியீட்டில் 'வந்து கொண்டிருந்தான்' என்றும் இருந்தால், இடைவெளி ஒன்றினால் பொருத்தம் இழக்கப்படும். ஒட்டுநிலை மொழிகளுக்கு இவ்வளவை இழைக்கும் இத்தீங்கைக் குறைக்கும் வகையில், எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் அளவையொன்று 2015இல் முன்வைக்கப்பட்டது. தமிழில் சொல் எல்லை எது என்னும் இலக்கண வினா ஒரு மதிப்பெண்ணை ஏற்றவும் இறக்கவும் கூடியது என்பதை மொழியியல் மாணவரே எளிதில் உணர்வர். பொறியியல் மாணவருக்கு அதனை எடுத்துச் சொல்லவும் அவரால் இயலும்.

தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எழக்கூடிய தடைகளுள் வலிமை வாய்ந்தது ஒன்று உண்டு. ஆய்ந்து தெளிதல் எல்லாத் துறைக்கும் பொதுவான திறன். அதனைத் தனிப்பாடமாக ஒருமுறை கற்பித்தால் எங்கும் பயன்படும். எனவே மொழித் தரவோடு பிணைக்க வேண்டுவதில்லை என்பது அது. ராபர்ட் எனிஸ் 1962 முதல் இத்திறனின் பொதுக் கூறுகளைத் தொகுத்து வந்தார். ஜான் மெக்பெக் 1981இல் எழுதிய நூலில் இதனை மறுத்து, சிந்தனை எப்பொழுதும் ஏதேனும் ஒன்றைப் பற்றியதே ஆகலின் அத்துறையறிவின்றி ஆய்தல் இல்லை என்றார். மேற்காட்டிய எடுத்துக்காட்டுகள் மெக்பெக்கின் பக்கமே சாய்கின்றன. வேழப்பத்தை ஐயுறுவதற்கு ஐங்குறுநூறு தெரிந்திருக்க வேண்டும். பொதுவான ஐயவுணர்வு அங்குப் பயன்படாது. எனினும் எனிஸ் கூறுவதிலும் உண்மை இல்லாமல் இல்லை. இந்த எண் எதை எண்ணியது என்னும் வினாவை ஒரு துறையில் கேட்கப் பழகியவர் பிற துறையிலும் கேட்கத் தலைப்படுவார். விடை காண மட்டும் அத்துறையறிவை நாட வேண்டியிருக்கும்.

வேலைவாய்ப்பு பற்றிய தடையையும் புறக்கணித்தல் ஆகாது. சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வரும் மாணவருக்குத் தட்டச்சு வேகமே முதல் ஊதியத்தைப் பெற்றுத் தரக்கூடும். அதனை இழிவாக எண்ணுவது வாய்ப்புப் பெற்றோரின் மனப்பான்மை. கைத்திறன் பயிற்சியைக் கைவிடுமாறு ஈண்டுக் கூறப்படவில்லை. தமிழ்-99 விசைப்பலகையைப் பழக்கும்போதே, உயிரும் மெய்யும் தனித்தனி விசைகளாக அமைந்து உயிர்மெய் பிறக்கும் முறை எழுத்திலக்கணத்தோடு ஒத்துச் செல்வதைக் காட்டலாம் என்பதே கருத்து. அதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடமே செலவாகும்.

கணினிகள் போதாமை மற்றொன்று. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இக்குறையைப் பெரிதும் தணித்தது. ஆயினும் கருவி கைக்கு வந்த அளவு அதனைக் கொண்டு செய்யத்தக்க பயிற்சிகள் வகுப்புக்கு வரவில்லை. மேலும், ஒரு கணினியின் முன் மூவர் அமர்தல் எப்பொழுதும் குறையாகாது. ஆசிரியரிடம் கேட்பதால் காற்பங்கும், உடன்பயில்வாரோடு பழகுவதால் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்பது நன்னூற் பாயிரத்தின் கணக்கு. மேற்கூறிய பயிற்சிகள் மூவர் கூடி வழக்காடுவதற்கே உரியவை.

உண்மையான தடை தேர்வுமுறையில் உள்ளது. கணினியின் தலைமுறைகளை விவரிக்க என்னும் வினாவுக்கு விடைக்குறிப்பு முன்கூட்டியே அமைந்துவிடும். அதற்கு மாறாக, 'ஒரு மாணவர் பதிற்றுப்பத்தின் மின்பனுவலில் ஒரு சொல்லைத் தேடி, அச்சொல் அந்நூலில் இல்லை என்று முடிவு செய்கிறார். அம்முடிவை ஏற்பதற்கு முன் நீவிர் கேட்கும் வினாக்கள் யாவை?' என்று வினவினால் விடை ஒன்றாக இராது. ஒருவர் குறியேற்றத்தைப் பற்றி எழுதுவார். ஒருவர் புணர்ச்சியைப் பற்றி எழுதுவார். ஒருவர் அம்மின்பனுவல் எப்பதிப்பைத் தழுவியது, முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காத நூலில் இல்லை என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்பார். மூன்றாமவருக்கு முழு மதிப்பெண்ணும் தரவேண்டும். மையத் திருத்தகத்தில் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு இது சுமையே என்பதை மறுக்க இயலாது. பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் பெரும்பகுதி இன்று வருகைப்பதிவுக்கும் ஒப்படைப்புக்கும் செல்கிறது. அவ்வொப்படைப்பை ஆய்வகத்திலேயே, ஆசிரியர் முன்னிலையில், ஒரு சொல்லின் தேடற் குறிப்பேடாகவும் ஒரு பத்தியின் பொறிமொழிபெயர்ப்புத் திருத்தமாகவும் மாற்றுவதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். பல்கலைக்கழகத்தின் பொதுத்தேர்வு விதி எதையும் தொட வேண்டுவதில்லை.